உள்ளே சாயும் காலுக்கு ஒரு ஷூ

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். கடை என்றால் எனக்கு ஒன்றுதான்: விருத்தாசலம் பாலக்கரையில் காதர் பாய் வைத்திருந்த செருப்புக் கடை. இருபத்தாறு வருஷம் நான் குனிந்து நிமிர்ந்த இடம். இப்போது பாயின் மகள் நடத்துகிறாள். கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லாம் வந்துவிட்டது. நான் உள்ளே நுழைந்ததுமே விற்பனையில் இருக்கும் ரம்யா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு கறுப்புப் பலகை மேல் ஏற்றி நிறுத்தினாள். எதிரே இருந்த திரையில் என் இரண்டு பாதமும் சிவப்பும் பச்சையுமாகத் தெரிந்தன.

"பாத்தீங்களா அக்கா, உங்களுக்கு இடது கால் கொஞ்சம் உள்பக்கம் சாயுது" என்றாள், பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி. எனக்குத் தெரியாதா! அந்த இடது காலைப் பற்றிக் காதர் பாய் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார். அதைச் சொன்னதும் ரம்யாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மெஷின் இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஷூ எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். சும்மா இருப்பேனா? திரும்பும் வழியிலேயே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிறந்தது நல்லூர்ப் பக்கம், வாழ வந்தது விருத்தாசலம். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் ஆம்பளை ஆளிடம் காலை நீட்டக் கூச்சப்படுகிறார்கள், கடைக்கு ஒரு பெண் வேண்டும் என்று பாய் தேடிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். என் நாத்தனார் அன்றைக்கு வீட்டில் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! ஊரார் காலைப் பிடிக்கிற வேலைக்கா போகிறாய் என்று கேட்டாள். ஆமாம், நாளைக்கு நீயும் வா, உன் காலையும் பிடித்துவிடுகிறேன் என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. முதல் மூன்று மாதம் அட்டைப்பெட்டி அடுக்கினேன். அதற்குப் பிறகுதான் பாய் என்னைக் கால் பார்க்க விட்டார்.

பாய் மங்கலம்பேட்டைக்காரர். வாலிப வயதில் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்பார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் இறங்கவே மாட்டார். வருகிறவர்கள் நம்பர் சொல்லக் கூடாது! "ஏழாம் நம்பர் குடுங்க" என்று யாராவது கேட்டால் போதும், "நம்பர் வேணாங்க, காலைக் காட்டுங்க" என்பார். ஒரு கம்பெனி ஏழு இன்னொரு கம்பெனிக்கு ஆறு, அந்த நம்பரை நம்பிக் காலைக் கொடுப்பதா என்பது அவர் கட்சி. இந்தப் பிடிவாதம் ஒருநாள் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஓடுவதற்கு ஷூ வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் அவர்கள் போட்டு வந்த பழைய செருப்பைக் கேட்டு வாங்குவார். மேஜையில் செய்தித்தாளை விரித்து அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். ஜனங்களுக்கு வெட்கமாக இருக்கும். அவர் கண்டுகொள்ள மாட்டார். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் அது எல்லாருக்கும் உள்ளதுதான், விட்டுவிடுவார். உள் ஓரம் கரைந்து, கட்டைவிரல் படுகிற இடமும் பள்ளமாகியிருந்தால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். 'தனம்மா, தண்ணி கொண்டாங்க' என்று அர்த்தம்.

தண்ணீர் எதற்கென்றால், பாதத்தை நனைத்துப் பதிய வைக்கத்தான். மற்ற ஊரில் காகிதத்தில் மிதிக்கச் சொல்வார்களாம். எங்கள் ஊரில் செராமிக் பட்டறைக்கா பஞ்சம்? ஒரு தடவை சுட்டு, மேலே பளபளப்புப் பூச்சு ஏற்றாத ஓடு ஒன்றைப் பாய் ஒரு பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வைத்திருந்தார். கோயில் படிக்கல் அகலம் இருக்கும். பூசாத ஓடு தண்ணீரைச் சட்டென்று குடிக்கும். அதனால் ஈரக்கால் வைத்து எடுத்ததும் பாதம் கலையாமல் அச்சாக நிற்கும். சாதாரணக் கால் என்றால் நடுவில் உள்பக்கம் நன்றாக வளைந்து இடைவெளி விட்டிருக்கும். உள்ளே சாய்கிற காலுக்குப் பெரும்பாலும் அந்த இடைவெளி தூர்ந்துபோய், இட்லியை அமுக்கின மாதிரி முழுசாகப் பதியும். அதை மட்டும் வைத்துப் பாய் முடிவு கட்ட மாட்டார். வாசல்வரை நடக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குதிகாலைப் பார்ப்பார். கெண்டைக்காலிலிருந்து குதிகாலுக்கு இறங்கும் நரம்பு நேராக இறங்குகிறதா, உள்ளே ஒடிகிறதா என்பதுதான் கணக்கு. பெண்கள் வந்தால் அப்படி உட்கார்ந்து பார்ப்பது என் வேலை.

இப்போது ஸ்டெல்லாவுக்கு வருகிறேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு நாலைந்து வருஷம் கழிந்திருக்கும். நவராத்திரி நெருங்கும் சமயம், கொலுப் பொம்மைக்காகப் பட்டறைகள் மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் கையில் காய்ந்த மண்ணோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பொம்மைப் பட்டறையில் அச்சுக்குள் மண் கரைசல் ஊற்றுகிறவள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். பையிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்து வைத்தாள். அப்பப்பா, அப்படி ஒரு ஷூவை நான் அதுவரை தொட்டதில்லை! குவைத்தில் இருக்கும் அண்ணன் அனுப்பியதாம். மேகத்தைத் தொட்ட மாதிரி மெத்தென்று இருந்தது.

"இதைப் போட்டு ஓடுனா முழங்காலுக்குக் கீழ உயிர் போவுது அக்கா. இதோட ரெண்டு தடவ போலீஸ் செலக்சன்ல தோத்துட்டேன்" என்றாள். எழுத்துத் தேர்வு மூன்றாவது தடவையும் பாஸாகியிருக்கிறாள். ஓட்டம் இன்னும் மூன்றே வாரத்தில், கடலூரில். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். "இதான் கடைசி அக்கா. இது போச்சுன்னா ஆயுசுக்கும் அந்த அச்சுதான்" என்று சொல்லும்போது அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பாய் முதலில் கேட்டது ஷூவைப் பற்றி அல்ல. எலும்பு டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டார். காட்டியிருந்தாள், எலும்பில் ஒன்றுமில்லை, பாதம் உள்ளே சாய்கிறது, சரியான ஷூ போடு என்று சொல்லியிருந்தார்கள். சரியான ஷூ என்றால் எது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. விலை உயர்ந்ததுதான் சரியானது என்று பாவம் அண்ணன் நினைத்துவிட்டான். நான் அவள் செருப்பைக் கவிழ்த்தேன். உள் ஓரம் காகிதமாகத் தேய்ந்திருந்தது. ஓட்டில் மிதிக்கச் சொன்னேன். முழுப் பாதமும் பதிந்தது. திரை மறைவுக்குக் கூட்டிப்போய், பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் உள்ளே விழுந்தது.

பாய் அந்தக் குவைத்து ஷூவை எடுத்தார். அவர் ஷூ பார்க்கிற அழகே தனி. குதிகாலைச் சுற்றிப் பிடிக்கிற கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார், அது அப்பளம் மாதிரி உள்ளே போனது. இரண்டு கையாலும் ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினார், முழுசாகத் திரும்பியது. மடித்தார். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டியது நட்டநடுவில் மடங்கியது. கடைசியில் மேஜையில் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கச் சொன்னார். ஆள் இல்லாமலே இரண்டு ஷூவும் ஒன்றை ஒன்று பார்த்துச் சாய்ந்து நின்றன!

"நல்ல ஷூதாங்க. உங்க காலுக்கு இல்ல" என்றார் பாய். சாய்கிற காலுக்கு மெத்தை கொடுத்தால் அது இன்னும் சௌகரியமாகச் சாயும். இவளுக்கு வேண்டியது உள் ஓரத்தில் கெட்டியான பஞ்சு வைத்து, குதிகாலை இறுக்கிப் பிடிக்கிற ஷூ. அந்த மாதிரி எங்கள் கடையில் இல்லை, சென்னையில் ஒரு பெரிய கடையில்தான் உண்டு. சரக்கு எடுக்கப் பாய் திங்கட்கிழமை போவார். ஆனால் அவளைக் கூட்டிப்போக முடியாது. கொலு சீசனில் ஒருநாள் லீவு போட்டாலும் பட்டறையில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. நம்பர் சொன்னால் பாய்க்குப் பிடிக்காது, காலை அனுப்ப முடியாது, அப்படியானால் பட்டறை மண்ணில் காலைப் பதிய வைத்து அனுப்பினால் என்ன? நீளம், அகலம், சாய்வு எல்லாம் அப்படியே கிடைக்குமே! பாய் என்னை மெச்சிப் பார்த்த ஒரே தடவை அதுதான். ஸ்டெல்லாவுக்கும் சந்தோஷம். அன்றைக்கே பட்டறையில் மண்ணைப் பலகையாகத் தட்டி இரண்டு காலையும் பதித்தாள். ஈரத்தோடு கொண்டுபோனால் கலைந்துவிடும் என்று வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பாய் அதைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போல எடுத்துப்போனார். அங்கே நூல் போட்டு அளந்து, அச்சுக்குப் பொருத்தமாக ஒரு ஜோடி வாங்கிவந்தார். எவ்வளவு ஆசையாகப் பெட்டியைத் திறந்தோம்!

கால் உள்ளே போகவில்லை. நானும் நாடாவைத் தளர்த்திப் பார்த்தேன், ஸ்டெல்லா எழுந்து நின்று அழுத்திப் பார்த்தாள். பெருவிரல் முன்னால் முட்டி மடங்கியது. பாய் அந்த மண் அச்சை எடுத்துவந்து, "இதுல காலை வைங்கம்மா" என்றார். அவள் காலை அவள் பதித்த அச்சிலேயே வைத்தாள். விரல் நுனியெல்லாம் விளிம்புக்கு மேல் ஏறி நின்றது.

ஸ்டெல்லாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மண்ணு காஞ்சா சுருங்கும் அக்கா. பொம்மை அச்சையே அதுக்குத்தான் பெருசா செய்வோம். பத்து வருசமா தெனம் அதைத்தான் பாக்குறேன்."

இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்! சுற்றிலும் சூளை, சுற்றிலும் மண், அதிலும் ஒருத்தி அந்த மண்ணிலேயே வேலை பார்க்கிறவள். பொம்மை என்றால் தெரிந்தது எங்களுக்குக் கால் என்றதும் மறந்துபோனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஸ்டெல்லா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு ஓடிவிட்டது. ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. புது ஷூவைப் போட்டுப் பழகவே ஒரு வாரம் வேண்டும்.

பாய் அந்த அச்சை எடுத்து மறுபடி துண்டில் சுற்றினார். அப்புறம் சொன்னார்: "தப்பு மண்ணுது இல்ல, தனம்மா. எந்திரிச்சு நிக்க வச்சு ஒரு நம்பரு எழுதிட்டுப் போயிருந்தா, அச்சு சின்னதுன்னு அங்கயே தெரிஞ்சிருக்கும். என் திமிரு." முதலாளி ஒருவர் வேலைக்காரிக்கும் வாடிக்கையாளருக்கும் முன்னால் இப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. யோசனை என்னுடையது பாய் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் மறுபடி ரயில் ஏறினார். இந்தத் தடவை எடுத்துப்போனது பூசாத ஓடு. சூளைக்குள் போய் வந்த ஓடு இனிமேல் எதற்குச் சுருங்கப் போகிறது? அதில் ஸ்டெல்லாவின் ஈரப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அது போதாதென்று, கடையில் இருந்த ஷூவை எல்லாம் அவளுக்குப் போட்டுப் பார்த்து, எந்தக் கம்பெனியில் எந்த நம்பர் சரியாக இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டினேன். பாய் அதை மறுக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வரும்போது இரண்டு ஜோடி கொண்டுவந்தார். ஒன்று ரோஸ் நிறம், கண்ணைப் பறித்தது. இன்னொன்று சாம்பல் நிறம், மழையில் நனைந்த பூனை மாதிரி. இரண்டிலும் குதிகால் கெட்டி, உள் ஓரத்தில் தடிப்பு. சாயங்காலம்தான் போட்டுப் பார்க்க வேண்டும், பகலெல்லாம் நின்ற கால் அப்போதுதான் வீங்கி முழு அளவில் இருக்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போட வேண்டும். நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னால் என் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இரண்டிலும் இருந்தது. ஸ்டெல்லா ரோஸைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றாள். வலிக்கிறதா, எங்காவது குத்துகிறதா என்றால் இரண்டிலும் இல்லை என்கிறாள். அப்படியானால் ஓடிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். அவள் முன்னால் ஓடினாள். ஓடுகிறவள் குதிகாலைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் ஓடாமல் எப்படிப் பார்ப்பது? நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைத் தரையை நோக்கிக் குனிந்துகொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன். நாற்பது வயதுக்காரி! வாக்கிங் வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர், என்னாம்மா தொலைச்சீங்க என்று அக்கறையாக விசாரித்தார். எனக்கு மூச்சு வாங்கியதில் பதில் சொல்ல முடியவில்லை.

ரோஸ் முதல் சுற்றில் ஒழுங்காக இருந்தது. இரண்டாவது சுற்றில் அவள் களைத்ததும் குதிகால் மெல்ல மெல்ல உள்ளே சரிய ஆரம்பித்தது. சாம்பலைப் போடச் சொன்னேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, நான் நின்றுவிட்டேன், அவள் மூன்றாவதும் ஓடினாள். குதிகால் கோடு போட்ட மாதிரி நேராக விழுந்து நேராக எழுந்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும் விட்டேன். அந்தப் பெரியவர், கெடச்சிடுச்சாம்மா என்றார்.

பாய் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: ஷூ மாயமந்திரம் இல்லை, முதல் இரண்டு நாள் நடக்க மட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட வேண்டும், வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். தினமும் காலையில் ஓடிவிட்டுப் பட்டறைக்குப் போகும் வழியில் கடை வாசலில் நின்று, வலியில்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

ஓட்டத்தன்று நானும் கடலூருக்குப் போனேன். போய்ட்டு வாங்க தனம்மா என்று பாயே லீவு கொடுத்தார். மைதானத்துக்குள் வெளியாட்களை விடவில்லை. சுற்றிலும் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். தகரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. மற்றவர்களுடைய அம்மாவும் அப்பாவும் எக்கி எக்கிப் பார்த்து ஒன்றும் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த ஒரு முழம் போதாதா! புழுதியில் மண்டியிட்டுக் குனிந்தேன். விசில் சத்தம் கேட்டது. கால்கள் வந்தன. எத்தனை கால்கள்! வெறுங்கால், கான்வாஸ், பிய்ந்த ஷூ. நடுவில் சாம்பல் நிறம்.

முதல் தடவை கடக்கும்போது பின்னால் இருந்தது. அடுத்த தடவை நடுவுக்கு வந்தது. கடைசிச் சுற்றில் எல்லாருடைய காலும் தள்ளாட ஆரம்பித்துவிட்டது. நான் குதிகாலை மட்டும் பார்த்தேன். நேரா வை, நேரா வை என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாம்பல் நிறம் என்னைத் தாண்டியது. அந்தக் குதிகால் துளிகூடச் சாயவில்லை.

நேரத்துக்குள் முடித்தாளா என்று தெரிய ஒரு மணி நேரம் ஆனது. ஸ்டெல்லா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "வலிக்கல அக்கா." அதற்குப் பிறகுதான் பாஸ் என்றாள். அந்த ரோட்டிலேயே இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் போலீஸ் உடுப்பில் ஒருத்தி விறுவிறுவென்று கடைக்குள் வந்தாள். பாய் பதறி எழுந்துவிட்டார். மேஜையில் கிடந்த செய்தித்தாளை விரித்தாள், பையிலிருந்து அந்தச் சாம்பல் ஷூவை எடுத்தாள், தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். பயிற்சிக் காலம் முழுக்க ஓடிய ஷூ. அடிப்பாகத்தில் பூ வேலை எல்லாம் அழிந்துவிட்டிருந்தது. உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே அளவு தேய்ந்திருந்தது. பாய் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் மாற்றி மாற்றித் தடவினார். நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அழாதீங்க அக்கா, இதே மாதிரி இன்னொரு ஜோடி எடுங்க" என்றாள் ஸ்டெல்லா. அப்புறம் பாய் பக்கம் திரும்பினாள். "நம்பர் சொல்லட்டுமா பாய், இல்ல மண்ணுல மிதிச்சுக் குடுக்கட்டுமா?"

இருபத்தாறு வருஷத்தில் பாய் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

"நம்பரே சொல்லுங்கம்மா" என்றார்.